சத்தம் கேட்டால் அழுத்தவும்

அழுத்தினேன். மறுபடி ஒன்று வந்தது, மறுபடி அழுத்தினேன். இவ்வளவுதானா என்றிருந்தது. திரையின் நடுவில் ஒரு பச்சை வட்டம், அதற்குள் ‘சத்தம் கேட்டால் அழுத்தவும்’ என்ற எழுத்து, அதன்மேல் என் கட்டைவிரல். மகள் சுகந்தி கிளம்புவதற்கு முன்னாலேயே எல்லாம் செய்து வைத்துவிட்டாள். தன் பழைய போனில் காதைச் சோதிக்கும் செயலியை இறக்கி, தமிழுக்கு மாற்றி, இயர்போனில் சிவப்புப் புள்ளி இருப்பது வலது காதுக்கு என்று காட்டி, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், நான் திரும்பி வருவதற்குள் முடித்து வையுங்கள் என்று என் முகத்துக்கு நேராக இரண்டு தடவை சொல்லிவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். புதன்கிழமை, தடுப்பூசி நாள், பேத்தி கனிஷ்காவுக்கு ஒன்பதாம் மாத ஊசி. பெயர் என்று ஒரு கட்டம் வந்தது, ஆறுச்சாமி என்று போட்டேன். வயது அறுபத்தெட்டு. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மீதியெல்லாம் டீக்கடைப் பேப்பரிலும் சிங்காநல்லூர் நூலகத்திலும் படித்ததுதான். யாரும் எனக்குப் பரீட்சை வைத்ததில்லை. அதனால் எனக்குள் ஒரு சின்ன உற்சாகம்கூட இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். முதலில் தூரத்தில் பஸ் நிற்பதுபோல ஒரு உறுமல், பிறகு அதைவிட மெலிதாக ஒன்று, பிறகு இன்னும் மெலிதாக. ஒன்றையும் விடவில்லை. விரல் தானாகப் போய் அழுத்திவிட்டு வந்தது. ஆறு நிமிஷத்தில் முடிந்தது. இதைப் பார்த்தபிறகு சுகந்தி என்ன சொல்வாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் திரையைப் பார்த்தேன். ‘முடிவை நம்ப இயலவில்லை. பன்னிரண்டு முறை சத்தம் எதுவும் ஒலிக்கவில்லை. அவற்றில் பத்து முறை நீங்கள் அழுத்தியுள்ளீர்கள். தயவுசெய்து மீண்டும் செய்யவும்.’

பத்து முறை. நான் பொய் சொல்லவில்லை. யார்மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன், எனக்குக் கேட்டது. கேட்டதா? கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கையைப் பார்த்தேன். கட்டைவிரல் இன்னும் மடங்கி மடங்கி நீண்டுகொண்டிருந்தது, யாரும் சொல்லாமல், ஒரே கணக்கில். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் ஸ்பின்னிங் மில்லில், நூல் நூற்கும் ரிங் பிரேமில் அறுந்த நூலை ஒட்டும் சைடராக நின்றவனின் கணக்கு அது. ஒரு பக்கத்தில் இருநூறு கதிர், எதிர்ப் பக்கத்தில் இருநூறு கதிர், நடுவில் நான். எந்தக் கதிரில் நூல் அறும் என்று கண் பார்ப்பதற்கு முன்னால் கை போய்விடும். பிடித்து, ஒட்டி, விட்டு, அடுத்தது. காதை வைத்து யாரும் அங்கே வேலை செய்ததில்லை. அங்கே காது என்று ஒன்று கிடையாது. கால் பெருவிரலில் தரை அதிர்வது மாறினால் மெஷின் சரியில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். புதிதாக வருகிறவனுக்கு மேஸ்திரி முதல் நாள் சொல்வதே, சத்தத்தைக் கேக்காதடா, தாளத்தைப் பிடி என்பதுதான். இந்தப் போனிலும் நான் தாளத்தைத்தான் பிடித்திருக்கிறேன். முதல் மூன்று நான்கு சத்தம் நிஜமாகவே கேட்டிருக்கும். அதற்குள் கை கணக்கை எடுத்துக்கொண்டது. பிறகு கை அழுத்தியது, கை அழுத்தியதால் சத்தம் வந்ததாக நான் நினைத்துக்கொண்டேன். போன் நடுவில் நின்று நின்று பார்த்திருக்கிறது. மெஷின் அப்படி நின்று பார்க்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்படியானால் இத்தனை வருஷமாக வேறு எதையெல்லாம் கை கேட்டது, எதையெல்லாம் நான் கேட்டேன்? வேண்டாம். அந்த வழியாகப் போகவேண்டாம் என்று இயர்போனைக் கழற்றிவிட்டு எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். டம்ளரை மேஜைமேல் வைத்தேன். வைத்த சத்தம் கேட்டதா? டம்ளரை எடுத்து மறுபடி வைத்தேன். இன்னும் ஓங்கி வைத்தேன். அதிர்வு கையில்தான் தெரிந்தது.

இது ஞாயிற்றுக்கிழமை வந்த வினை. சுகந்தி குளித்துக்கொண்டிருந்தாள். குழந்தை உள்ளறையில் தூங்கியது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், உள்ளறைக் கதவுக்கு முதுகைக் காட்டி. என் முன்னால் ஈரக் காலடி ஓடியதைப் பார்த்துத்தான் தலையைத் தூக்கினேன். தலையில் சோப்பு நுரையோடு, நைட்டியை முன்பின்னாக மாட்டிக்கொண்டு சுகந்தி ஓடினாள். குழந்தை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து, முழங்கை மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் கருநீலமாக அழுதுகொண்டிருந்தது. நான் போய்ப் பார்த்தபோது வாய் அவ்வளவு பெரிதாகத் திறந்திருந்தது. உள்நாக்கு தெரிந்தது. சுகந்தி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கேக்கலீங்களாப்பா என்று மட்டும் சொன்னாள். கேட்டது, நீ எடுப்பாய் என்று இருந்தேன் என்றேன். இந்த வயதில், பெற்ற மகளிடமே அப்படி ஒரு பொய். அவள் சோப்பு வழிந்த கண்ணால் என்னைப் பார்த்தாள். பாத்ரூமுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர் ஓட ஓட அவளுக்குக் கேட்டிருக்கிறது. வருகிற திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்பவேண்டும். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இதற்குமேல் லீவு தரமாட்டார்கள். மாப்பிள்ளை ஓசூரில் இருக்கிறார், மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் வருவார். அப்புச்சி, தாத்தா நான் இருக்கையில் யாரையும் தேடவேண்டாம் என்று நான்தான் மூன்று மாதமாகச் சொல்லி வந்தேன். பால் கலக்கவும் துணி மாற்றவும் பழகிக்கொண்டேன். என் வீட்டுக்காரி சாந்தாமணி போன பிறகு இந்த நாலு வருஷத்தில் எனக்கென்று ஒரு வேலை வந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை சுகந்தி தன் ஆஸ்பத்திரிக் காது டாக்டரைக் கேட்டிருக்கிறாள், அவர் இந்தச் செயலியைச் சொல்லியிருக்கிறார். இதுல என்ன வருதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாமுங்கப்பா என்றாள். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை.

இயர்போனை மாட்டிக்கொண்டு இரண்டாம் தடவை தொடங்கினேன். கை ஏமாற்றும் என்று தெரிந்துவிட்டதால் கையை மடியில் வைத்துக்கொண்டேன். நிச்சயமாகக் கேட்டால் மட்டும் தூக்கி அழுத்துவது. உறுமல் வந்தது, அழுத்தினேன். மெலிந்தது, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். காதுக்குள் எப்போதும் இருக்கும் அந்த ‘ங்ங்’ மட்டும் இருந்தது, இழுத்துக் கட்டிய கம்பி காற்றில் நடுங்குவதுபோல. நிசப்தம் என்றால் அதுதான் என்று நான் நினைத்திருந்தேன். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று. ஒரு தடவை சாந்தாமணியிடம் கேட்டேன், உனக்கும் ராத்திரியில் ங்ங்ன்னு கேக்குமா என்று. கேக்குமுங்க என்றாள். பிறகு ஏன் அவள் என்னை அப்படிப் பார்த்தாள்? இந்த ‘ங்ங்’குக்கு அழுத்தலாமா? கூடாது. காத்திருந்தேன். இந்த மாதிரி ஒன்றும் வராமல் காத்திருப்பது மில்லில் மின்சாரம் போனபோது நடக்கும். நாற்பது மெஷினும் ஒரே நேரத்தில் ஓய்ந்து, ஐந்நூறு பேரும் திடீரென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். யாருக்கும் குரல் வராது. அங்கே குரலை வைத்துப் பேசுகிற பழக்கமே இல்லை. உதட்டால் பேசுவோம். வாயை நன்றாகத் திறந்து, பல் தெரிய, ஒவ்வொரு எழுத்தையும் முகத்தில் வரைந்து காட்டுவோம். கூடக் கொஞ்சம் கைஜாடை. டீ வந்தாச்சு, மேஸ்திரி வர்றான், உன் வேட்டி அவுந்திருக்கு, எல்லாம் அப்படித்தான். மில்லுப் பேச்சு என்று அதற்குப் பெயர். சாந்தாமணியை நான் முதலில் பார்த்தது நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில், இரண்டு வரிசைக்கு அப்பால். முப்பதடி இருக்கும். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவள் உதடு சொன்னது, என்னத்தப் பாக்கறீங்க, அறுந்து கெடக்கு பாருங்க. திரும்பிப் பார்த்தால் என் பக்கத்தில் பதினஞ்சு கதிர் அறுந்து கிடந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் தினமும் பேசினோம். சண்டை போட்டோம், சமாதானமானோம், அவள் அம்மாவிடம் யாரைவிட்டுப் பேசச் சொல்வது என்றுகூட முடிவுசெய்தோம், ஒரு சொட்டுச் சத்தம் இல்லாமல். அவள் குரலை நான் முதன்முதலில் கேட்டது எட்டாம் மாதம், மில் கேட்டுக்கு வெளியே, பஸ் நிறுத்தத்தில். குடை இருக்குதுங்களா என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முகத்துக்கு அந்தக் குரல் பொருந்தவேயில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குரல்போல மெல்லிசாக, நுனியில் கொஞ்சம் நடுங்குகிற குரல். அந்தக் குரலோடுதான் முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினேன். அவள் போன பிறகும் காலையில் எழுந்ததும் முதலில் அதுதான் கேட்கிறது, ஏனுங்க, எந்திரிங்க. இப்போதும். இந்தப் போன் ஒன்றும் சொல்லாத இந்த நேரத்தில்கூட அவள் குரலைக் கூப்பிட்டால் வருகிறது, தெளிவாக, நுனி நடுக்கத்தோடு. போன் தானாகவே இடது காதுக்கு மாறிக்கொண்டது. நான் வலது காதில் கடைசியாக அழுத்தி மூன்று நிமிஷம் ஆகியிருந்தது.

இடது காதிலும் அதேதான். உறுமல், அதற்குப் பிறகு கம்பி நடுக்கம். இந்த முறை போன் கோபித்துக்கொள்ளவில்லை. ‘முடிவு நம்பகமானது’ என்று முதலில் சொன்னது. பிறகு ஒரு கட்டம் போட்ட படம், அதில் சிவப்பில் ஒரு கோடும் நீலத்தில் ஒரு கோடும், இரண்டும் இடப்பக்கம் மேட்டில் தொடங்கி வலப்பக்கம் கிணற்றில் இறங்குவதுபோல இறங்கி, அடியில் போய்க் காணாமல் போயின. கீழே எழுதியிருந்தது. கடுமையான கேள்திறன் இழப்பு. இரு காதுகளிலும். மூடிய அறையிலிருந்து வரும் குழந்தையின் அழுகை, பறவைகளின் ஒலி, பெண்களின் மெல்லிய பேச்சு ஆகியவை உங்களுக்குக் கேட்காமல் போக வாய்ப்புண்டு. நீண்டகாலம் இரைச்சலில் வேலை செய்தவர்களிடம் இது மெதுவாக, பல ஆண்டுகளாக ஏற்படும். காது மருத்துவரை அணுகவும். குழந்தையின் அழுகை என்பது முதலில் இருந்தது, என் கண் அதைத் தாண்டி மூன்றாவதில் போய் நின்றது. பெண்களின் மெல்லிய பேச்சு. பல ஆண்டுகளாக. எத்தனை ஆண்டு? நான் மில்லை விட்டு வந்தே பதினாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னாலேயே காது போயிருக்கவேண்டும். அப்படியென்றால் வீட்டில் நான் கேட்டுக்கொண்டிருந்தது எது? சோறு போடட்டுங்களா என்று அவள் கேட்பாள், போடு என்பேன். எங்கிருந்து கேட்பாள்? எதிரில் வந்து நின்று. எப்போதும் எதிரில் வந்து நின்று. அடுப்படியிலிருந்து அவள் என்னை ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கிறாளா? யோசித்தேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். முற்றத்தின் குறுக்கே வந்து, தோளைத் தொட்டு, முகத்தைக் காட்டித்தான் பேசுவாள். தெருவில் எல்லாப் பெண்களும் வீட்டுக்காரனைக் கத்திக் கூப்பிடும்போது என் சாந்தாமணிக்கு எவ்வளவு மரியாதை என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அவள் வாயை நன்றாகத் திறந்து, பல் தெரிய, ஒவ்வொரு எழுத்தையும். மில்லுப் பேச்சு. அவள் உதடு அசைந்தது, குரலை நான் போட்டுக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் கேட்டேனே, அவளுக்கு இருபத்திரண்டு வயது, அந்தக் குரலை எடுத்து, நாற்பது வயது உதட்டுக்கும் ஐம்பது வயது உதட்டுக்கும் ஐம்பத்தெட்டு வயது உதட்டுக்கும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். விரல் அழுத்தியது, சத்தம் வந்ததாக நினைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று எழுந்தேன், உட்கார்ந்தேன். அப்படியானால் ஆஸ்பத்திரியில்? எல்லார் வாயும் துணியால் மூடியிருந்த வருஷம் அது. அவளுக்கு அந்த நோயில்லை, பஞ்சுத் தூசி தின்ற நுரையீரல், அதனால் என்னைப் பக்கத்தில் இருக்க விட்டார்கள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். இரண்டு நாள். இரண்டு நாளும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்றுதான் வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கண்ணால் என்னையே பார்த்தாள், பேசத் தெம்பில்லை என்று சொன்னேன். அந்தப் பிளாஸ்டிக் மாஸ்க்கில் ஆவி படிந்து படிந்து மறைந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூச்சு விடுகிறாள் என்று. ஒரு நர்ஸ் வந்து என் தோளை உலுக்கி, காதுக்குள் குனிந்து, கூப்பிடறாங்கல்ல, என்னன்னு கேளுங்க என்று கத்தினாள். நான் அவளை முறைத்தேன். பேசவே முடியாதவளைப் போய்க் கூப்பிடுகிறாள் என்கிறாயே என்று. சாந்தாமணி கூப்பிட்டிருக்கிறாள். ஆவி படிந்ததே, அது மூச்சில்லை. உதட்டை மூடிவிட்டார்கள் என்று தெரிந்து, முப்பது வருஷம் இல்லாத வழக்கமாக எனக்காகக் குரல் எடுத்துப் பேசியிருக்கிறாள். நான் குனிந்து, போர்வையைச் சரிசெய்துவிட்டு, தூங்கு என்றேன். தூங்கு என்றேன்.

கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. முடிவைச் சேமி, முடிவை அழி. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. அழித்துவிட்டு, சரியாக வேலை செய்யவில்லை, நம்ப இயலவில்லை என்று வந்தது என்று சொல்லலாம். முதல் தடவை வந்ததுதானே, பொய்கூட இல்லை. குழந்தையைக் கூடத்திலேயே, என் கண் முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம். கண்ணை எடுக்காமல் இருந்தால் போதும். கண்ணை எடுக்காமல்தான் ஆஸ்பத்திரியிலும் இருந்தேன். சேமி என்பதை அழுத்தினேன். இந்த ஒரு தடவை விரல் நான் சொன்ன பிறகு போனது.

கதவு திறந்து வெளிச்சம் விழுந்ததும் திரும்பினேன். சுகந்தி வந்து நின்றாள், இடுப்பில் கனிஷ்கா, ஊசி போட்ட கையைத் தூக்கி வைத்துக்கொண்டு வாயைத் திறந்து அழுதுகொண்டு. பண்ணியாச்சுங்களாப்பா என்றாள். இயர்போனைக் கழற்றிவிட்டுப் போனைக் கொடுத்தேன். படித்தாள். ஆய்வகத்தில் தினமும் யாருக்காவது கெட்ட முடிவை எழுதிக்கொடுக்கிறவள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். நாளைக்கே டாக்டரைப் பார்க்கலாம், காதுக்கு மெஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும், இப்போதெல்லாம் வெளியே தெரியாத அளவுக்குச் சின்னதாக வந்திருக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். நான் வேறொன்று கேட்டேன்.

“அம்மா குரல் எப்படி இருக்கும், சுகந்தி?”

அவளுக்குப் புரியவில்லை. கடைசிக் காலத்தில், கடைசிப் பத்து வருஷத்தில், என்றேன்.

“கரகரன்னு இருக்குமுங்கப்பா. பஞ்சுல தொண்டை போயிருச்சில்ல. போன்ல பேசினா எதிர்ல சார் சார்னுதான் கூப்பிடுவாங்க. அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. மறந்துட்டீங்களா?”

உட்கார இடம் தேடி, ஏற்கெனவே கட்டிலில் உட்கார்ந்திருப்பதை உணர்ந்தேன். சிரிக்கத் தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள். பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். உங்களிடம்தான் அம்மா சத்தமாகப் பேசினதேயில்லை, உங்கள் இரண்டு பேருக்கும் அந்த உதட்டுப் பேச்சு மட்டும்தான் பேச்சு என்று நினைத்திருந்தேன், ரெண்டு ஊமை குடும்பம் நடத்துதுன்னு பெரியம்மா கேலி பண்ணுவாங்க என்றாள். ஏம்மா அப்பாகிட்ட மட்டும் இப்படி என்று பள்ளிக்கூடம் போகும்போது ஒருநாள் கேட்டிருக்கிறாள். அவருக்கு இதுதான் சவுரியம் என்று சாந்தாமணி சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். ஆஸ்பத்திரியைப் பற்றி நான் கேட்கவில்லை. சுகந்தி வந்துசேர்ந்தபோது சாந்தாமணிக்கு நினைவு தப்பியிருந்தது. அந்த இரண்டு நாள் அங்கே இருந்தது நான் ஒருவன்தான். கரகரவென்று. அந்தக் குரலை உண்டாக்கிப் பார்த்தேன், வரவில்லை. பஸ் நிறுத்தத்துக் குரல்தான் வந்தது. அது வரும்போது முதல்முறையாக எனக்குப் பயமாக இருந்தது, யாரோ ஒரு பெண் வீட்டுக்குள் நிற்பதுபோல.

“திங்கக்கிழமை என்ன பண்ணப்போறே, சொல்லு,” என்றேன். “மூஞ்சியக் காட்டாம சொல்லு. நான் திரும்பிக்கறேன்.”

“எதுக்குங்கப்பா அதெல்லாம்?”

“சொல்லு சாமி.”

எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். வெள்ளைச் சுவர், சுண்ணாம்பு ஒரு இடத்தில் பொரிந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கம்பி நடுக்கத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தேடினேன். ஒரு உறுமல் வந்தது, தெருவில் லாரி. அது போனது. ஒன்றுமில்லை. அவள் இன்னும் யோசிக்கிறாள்போல, என்ன சொன்னால் எனக்கு வலிக்காது என்று. யோசிக்கட்டும். காத்திருந்தேன். சொல்லியிருப்பாளோ? இல்லை, சொன்னால் கொஞ்சமாவது, ஒரு நிழலாவது. இன்னும் கொஞ்சம் நின்றேன். பிறகு தாங்காமல் திரும்பினேன். சுகந்தியின் வாய் மூடியிருந்தது. கன்னம் நனைந்திருந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சொல்லிட்டியா?”

மூன்று விரலைக் காட்டினாள். மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். பிறகு ஓரடி முன்னால் வந்து, என் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். திங்கக்கிழமை பாப்பாவை உங்ககிட்ட விட்டுட்டுப் போகலீங்கப்பா. எனக்குத் தெளிவாகக் கேட்டது, ஒரு எழுத்து தவறாமல். அவள் அதைச் சத்தமாகச் சொன்னாளா, உதட்டால் மட்டும் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை.